மறுத்தவர் நோயாளி அல்ல

பாகான் டாலாம் ருக்குமணிக்கு வாய் நீளம் என்று அவள் வேலை செய்த தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். பிடிவாதம் அதைவிட நீளம். அது தெரியாமல்தான் பயிற்சியாளர் கார்த்திகேசு அவளை ஆம்புலன்ஸ் தொண்டர் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிறுதோறும் பயிற்சிக்காக ஃபெரி ஏறி அக்கரையில் இருக்கும் ஜார்ஜ்டவுனுக்குப் போவாள். கட்டுப் போடுவதும் ஸ்ட்ரெச்சர் தூக்குவதும் சட்டென்று கைவந்தன. நோயாளி அறிக்கைதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. முதல் பயிற்சியில், விழுந்து கிடந்த ஒருவரைப் பற்றி, 'பெரியவர் குடித்துவிட்டு விழுந்தார்' என்று எழுதினாள். குடித்ததை நீ பார்த்தாயா என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார் கார்த்திகேசு. கண்டதை எழுது, கேட்டதை யார் சொன்னார் என்று சேர்த்து எழுது, நீயாக முடிவு கட்டாதே. திட்டித் திட்டியே அதை அவள் மண்டையில் ஏற்றினார். அவர் திட்டியதெல்லாம் சரியாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

எண்பத்தெட்டாம் வருடத் தைப்பூசம் வந்தது. அன்று களத்தில் அவள் எழுதும் அறிக்கையில் கார்த்திகேசு கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் கிடைத்துவிடும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில், பால்குடம் எடுத்து வந்த ஒரு பெண் தண்ணீர்ப் பந்தலருகே சுருண்டு விழுந்தாள். சாமி வந்திருக்கிறது என்று சுற்றி நின்றவர்கள் கைகூப்பினார்கள். ருக்குமணியும் முருகனைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் அந்தப் பெண்ணின் கை சில்லென்று வியர்த்திருந்தது, விரல்கள் நடுங்கின. அக்காவுக்கு இனிப்புநீர் வியாதி, வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாள் என்றாள் கூட வந்த தங்கை. கணவரோ, நேர்த்திக்கடன் பாதியில் நிற்கக் கூடாது, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று குறுக்கே நின்றார்.

கூட்டத்தோடு மல்லுக்கு நிற்க கார்த்திகேசுவுக்கு மனமில்லை. நோயாளி வர மறுத்தார் என்று எழுதிக் கணவரிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார். அதுதான் வழக்கம். பெண்டாட்டிக்கும் சேர்த்துப் புருஷன் பேசிவிட்டால் போதும், வேறு யாரும் கேட்க வேண்டியதில்லை. நல்ல வழக்கம்! ருக்குமணிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"அந்த அக்கா வாயே தொறக்கல அண்ணே. வேணாம்னது அவங்க வீட்டுக்காரர். நான் எப்படி எழுத?"

"ஃபாரத்துல அப்படித்தான் எழுதுவோம். பிரச்சனை வேணாம்லா, எழுதும்மா."

அவள் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டுத் தரையில் மண்டியிட்டாள். கணவர் கத்தினார். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அக்கா, உங்களத்தான் கேக்குறேன். ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா?"

"வரேன்" என்று முனகிவிட்டு அந்தப் பெண் ருக்குமணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கு மேல் கணவராலும் தடுக்க முடியவில்லை. சர்க்கரை இறங்கியிருக்கலாம் என்று, பந்தலில் வாங்கிய சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியபடியே ஏற்றிப் போனார்கள். மாலைக்குள் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

ருக்குமணி அறிக்கையை எழுதி நீட்டினாள். 'ஆஸ்பத்திரி வேண்டாம் என்றவர் கணவர். அதுவரை நோயாளியை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். வரேன் என்றார்.' யாரும் கேட்கவில்லை என்ற வரியை அடித்துவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் கார்த்திகேசு. அடிக்க மாட்டேன் என்றாள். அந்த வருடச் சான்றிதழ் அதோடு போயிற்று. ஃபெரியில் ஆத்திரம் தாங்காமல் அழுதாளே தவிர, எழுதியதற்காக ஒரு துளியும் வருந்தவில்லை.

அடுத்த வருடப் பயிற்சிக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். இந்த வருடமாவது சொன்னபடி எழுதுவாயா என்று கார்த்திகேசு கேட்டார்.

"போன வருஷமும் நீங்க சொல்லிக் குடுத்தபடிதான் அண்ணே எழுதினேன்," என்றாள். "இந்த வருஷமும் அப்படியேதான் எழுதுவேன்."