மில் தெரு யாருக்குச் சொந்தம்

லூர்தம்மாளின் மாவு மில் வந்த பிறகுதான் அந்தத் தெருவுக்கு மில் தெரு என்று பெயர் வந்தது. ஓசூரிலிருந்து கர்நாடக எல்லைக்குப் போகும் வழியில், கம்பெனிகளின் முதுகுப் பக்கமாக முளைத்த குடியிருப்பு அது. தெருவின் மேற்குப் பக்கத்து வீடுகள் சிங்கிரிப்பள்ளி பேரூராட்சிக்கு வரி கட்டின. கிழக்குப் பக்கத்து வீடுகள் பக்கத்துக் கிராம ஊராட்சிக்குக் கட்டின. நடுவில் கிடந்த ரோட்டை மட்டும் பன்னிரண்டு வருடமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மழை பெய்தால் போதும், ஆட்டோக்காரர்கள் முனையிலேயே ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

லூர்தம்மாள் காவேரிப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவர் ஜேம்ஸ் வால்வு செய்யும் கம்பெனியில் ஃபிட்டர். யாரிடமும் சத்தமாகப் பேசத் தெரியாதவர். அவருக்கும் சேர்த்து இவள் பேசுவாள் என்று தெருவில் சொல்வார்கள். ஓடும் மெஷினுக்கு மேலே குரலை உயர்த்திப் பேசியே பழகியவள் அவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் கைக்கு வந்த காகிதத்தை முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதே கிடையாது.

2007ஆம் வருடம், ஆகஸ்ட் மாதத்து மழையில், தெருக்கோடி வீட்டு மாரம்மா ராகி அரைக்க வந்தாள். அறுபது வயதுக்காரி, வீட்டில் கன்னடம் பேசுகிறவள். தலையில் கூடை நிறைய ராகி. மில்லுக்கு எதிரே இருந்த பள்ளத்தில் தண்ணீர் நின்றிருந்தது; எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் காலை வைத்தாள். "அய்யோ தேவரே" என்ற சத்தம் கேட்டு லூர்தம்மாள் மாவுக் கையோடு ஓடி வந்தபோது, மாரம்மா சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தாள். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஆட்டோ உள்ளே வர மறுத்துவிட்டது. கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நாலு பேர் முனை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தன் மில்லுக்கு வந்தவள் அல்லவா! லூர்தம்மாளால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. மறுநாளே மில்லைச் சாத்திவிட்டுப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

"அந்த ரோடு நம்முது இல்லம்மா. ஊராட்சி ரோடு" என்றார் அங்கிருந்த எழுத்தர், தலை நிமிராமல்.

ஊராட்சித் தலைவர் கிருஷ்ணப்பனைப் போய்ப் பார்த்தாள். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காபியும் கொடுத்தார். "எங்க வரைபடத்துல அந்த ரோடே இல்லம்மா. டவுன் ஆபீஸ்காரங்கதான் போடணும்" என்றார்.

மூன்று முறை இங்கும் அங்கும் அலைந்தாள். நாலாவது முறை போகவில்லை. மில் வாசலில் ராகி, கோதுமை, மிளகாய்க்கு அரைவைக் கூலி எழுதிவைத்த கரும்பலகை ஒன்று உண்டு. அதைத் துடைத்துவிட்டு, "ரோடு போடும் வரை வீட்டு வரி கட்ட மாட்டேன். லூர்தம்மாள், கதவு எண் 14" என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

வேலை விட்டு வந்த ஜேம்ஸ் அதைப் படித்துவிட்டு வண்டியிலிருந்து இறங்காமலே நின்றார்.

"கட்டாம இருந்தா இருந்துட்டுப் போ லூர்து. பேரு, கதவு நம்பரெல்லாம் எதுக்கு?"

"பேரு போடலன்னா பயந்து கட்டலன்னு நெனப்பாங்க. நான் வேணும்னுதான் கட்டல."

பேரூராட்சி பில் கலெக்டர் சுபாஷ் இரண்டு முறை வந்தான். மெதுவாகச் சொன்னான், பிறகு மிரட்டிச் சொன்னான். நவம்பரில் நோட்டீஸ் வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலையில், கடப்பாரையோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். குடிநீர்க் குழாயைத் துண்டிக்க உத்தரவாம். மெயின் குழாய் ரோட்டுக்கு அடியில் போனது. ஆட்கள் மில்லுக்கு எதிரே வெட்ட ஆரம்பித்தார்கள்.

லூர்தம்மாள் அரைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள். நேரே வந்து, முழங்கால் ஆழம் வெட்டிய குழிக்குள் இறங்கி நின்றுகொண்டாள். தெரு கூடிவிட்டது.

"மேல வாங்கக்கா. என் வேலைக்கு உலை வைக்காதீங்க" என்றான் சுபாஷ்.

"ஊராட்சி ரோடுன்னு உங்க ஆபீஸ்லதான சொன்னாங்க? அடுத்தவன் ரோட்டை வெட்ட உனக்கு யாரு உத்தரவு குடுத்தது?"

"எல்லாம் முறைப்படிதான்க்கா. செயல் அலுவலர் கையெழுத்து இருக்குது. உங்களுக்கும் ஒரு காப்பி குடுக்கச் சொல்லியிருக்காரு. இந்தாங்க, வாங்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

குழிக்குள் நின்றபடியே படித்தாள். முதல் வரியிலிருந்து முத்திரை வரைக்கும் படித்தாள். படித்து முடித்ததும் திரும்பவும் ஒரு வரிக்குப் போய் அங்கேயே விரலை வைத்துக்கொண்டாள். ரோட்டைத் தோண்டி மூடும் செலவைக் கணக்கில் காட்ட வேண்டுமே என்று யாரோ எழுதியிருந்தார்கள்: "மில் தெரு, பேரூராட்சிச் சாலை."

காகிதத்தை நாலாக மடித்தாள். அதை வாங்கிக்கொண்டதாகச் சுபாஷ் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஜேம்ஸ் கை நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

"வெட்டுப்பா, நல்லா ஆழமாவே வெட்டு" என்றாள் கடப்பாரைக்காரனிடம்.

அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரு நினைத்தது. குழாய் துண்டிக்கப்பட்டது. அன்று மத்தியானமே அவள் கிருஷ்ணப்பன் முன்னால் போய் நின்றாள்.

"மில் தெரு ரோடு உங்க ஊராட்சியுது இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க தலைவரே."

ரோடு போடச் சொல்லித்தான் வந்திருப்பாள் என்று பயந்திருந்த மனிதர், சந்தோஷமாக எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை, கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மில் தெருவிலிருந்து பதினேழு பேர் பஸ் ஏறினார்கள். அந்த ஒரு வாரம், வெளியூரிலிருந்து வந்து குடியேறிய கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக மில்லுக்கு வந்து அந்த உத்தரவைப் படித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களும் வரி கட்டுவதில்லை என்று தீர்மானித்திருந்தார்கள். மாரம்மா படுக்கையிலிருந்து மனுவில் கைநாட்டு வைத்தாள். "பேடம்மா, வேணாம், உனக்கேன் இந்த வம்பு?" என்று வைக்கும்போதும் சொன்னாள்.

மனுவை வாங்கிய அதிகாரி இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பின்வரிசையில் இருந்த சிங்கிரிப்பள்ளி செயல் அலுவலரை முன்னால் வரச் சொன்னார். செயல் அலுவலர் உத்தரவைப் பார்த்தார், முகம் கறுத்தது.

"இது ஆபீஸ்ல தவறுதலா எழுதினது சார். உண்மையில அது நம்ம சாலை இல்ல."

லூர்தம்மாளின் குரல் அந்தக் கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

"தவறுன்னா, அடுத்தவங்க ரோட்டைக் கடப்பாரை போட்டு வெட்டினதுக்கு இவங்க மேல கேஸ் போடுங்க சார். தவறு இல்லன்னா ரோடு போடச் சொல்லுங்க. ரெண்டுல எதுன்னு அவரே சொல்லட்டும்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்ததா என்பது லூர்தம்மாளுக்குத் தெரியாது; அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சர்வேயர் ஒரு வாரத்தில் அளக்க வேண்டும், அளந்து முடித்ததும் வேலை தொடங்க வேண்டும் என்று எழுதினார்.

ஒரு வாரம் ஒரு மாதமானது. அளந்து பார்த்ததில், ரோடு முழுக்கப் பேரூராட்சியின் நிலம்தான் என்று தெரிந்தது. ஏப்ரலில் ஜல்லி வந்து கொட்டினார்கள். மேஸ்திரி தெருக்கோடிக்கு நாற்பது அடி முன்னாலேயே ரோலரை நிறுத்தி, "அளவு அவ்ளோதாம்மா" என்றான். அந்த நாற்பது அடிக்கு அந்தப் பக்கம் மாரம்மாவின் வீடு. லூர்தம்மாள் மில்லிலிருந்து ஸ்டூலை எடுத்து வந்து ரோலருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். யாரிடமும் சத்தமாகப் பேசாத ஜேம்ஸ் அன்று பேசினார். சர்வேயர் போட்ட வரைபடத்தை மேஸ்திரியின் முன்னால் விரித்து, எல்லைக் கல் எங்கே நட்டிருக்கிறது என்று காட்டினார். கம்பெனியில் வரைபடம் பார்த்து வேலை செய்கிறவர். அவரை ஏமாற்ற முடியவில்லை. சாயங்காலத்துக்குள் தார் கோடி வரைக்கும் போய்விட்டது.

அடுத்த நாள் காலை லூர்தம்மாள் பேரூராட்சிக்குப் போய், நின்றுபோன வரி முழுவதையும் ஒரே தவணையில் கட்டினாள். மற்றவர்களும் கட்டினார்கள். மாரம்மாவின் இடுப்பு சரியாகவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு வாசல் வரைக்கும்தான் அவளால் வர முடிந்தது. ராகியை லூர்தம்மாளே போய் வாங்கி வந்து அரைத்துக் கொடுத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ரோடு ஒரு வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்ற ஆத்திரம் அவளுக்கு அடங்கவே இல்லை.

அன்று வரி கட்டிய ரசீதை வாங்கும்போது எழுத்தர் இன்னொரு சீட்டையும் நீட்டினார். குழாயைத் திரும்ப இணைக்கக் கட்டணமாம்.

"வெட்டினது நீங்க. சேக்க வேண்டியதும் நீங்கதான். ஒரு பைசா குடுக்க மாட்டேன்" என்றாள்.

"அப்போ தண்ணி வராதும்மா."

"வர வேணாம். அடுத்த திங்கட்கிழமையும் கிருஷ்ணகிரிக்குப் பஸ் இருக்குது."

சீட்டை மேஜைமேலேயே விட்டுவிட்டு மில்லைத் திறக்கக் கிளம்பிவிட்டாள்.