பதினேழாம் இலக்கப் பிள்ளை

இன்று நாவலப்பிட்டிக்குப் பக்கத்தில் உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு இரண்டாம் தடவை போனேன்.

எங்கள் ஆய்வுக்காக, பிள்ளைகள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கும் வினாக்கொத்து. அதை நம்பலாமா என்று பார்க்க, அதே கேள்விகளை இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளைகளிடம் கொடுக்கிறோம்.

போன தடவை பதினேழாம் இலக்கப் பிள்ளை, "என்னை எனக்குப் பிடிக்கும்" என்ற வரிக்கு நேரே "இல்லவே இல்லை" என்று அடையாளமிட்டிருந்தாள்.

இன்று "மிகவும் சரி". எல்லா வரிக்கும் அதுதான். வகுப்பு முழுவதும் அப்படியே.

இடைவேளையில் அவளிடம் கேட்டேன்.

"அன்னைக்கு பேப்பர சேத்து எடுத்தப்ப கிளாஸ் டீச்சர் வாசிச்சிட்டாங்க மிஸ். அம்மாவ கொழுந்து மலையிலருந்து கூப்பிட்டு, ஸ்கூல் மானத்த வாங்குறாள்னு சொன்னாங்க. வீட்ல அடி. இனி எல்லாரும் நல்லதாதான் போடணுமாம்."

"பேர் எழுதலையே, எப்படித் தெரிஞ்சது?"

"நம்பர் எழுதுனோமே மிஸ்."

வரவு இடாப்பில் உள்ள இலக்கம். பெயர் வேண்டாம், அது போதும், யாருக்கும் தெரியாது என்று கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னவள் நான். அந்த இடாப்பைத் தினமும் காலையில் கூப்பிடுகிறவர் அதே டீச்சர்.

கண்டி பஸ்ஸில் அவளுடைய தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடைசி வரி, "நான் சொல்வதைப் பெரியவர்கள் கவனிக்கிறார்கள்."

அதற்கும் "மிகவும் சரி".

அந்த ஒரு பதிலை மட்டும் முழுதாக நம்பலாம் என்று அறிக்கையில் எழுதட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.