காத்தாயி வீட்டுச் செவலை

அம்மாப்பேட்டைக்குத் தெற்கே நாலைந்து கிராமங்களில் நடவு மெஷின் ஓட்டும் ஒரே பெண் காத்தாயி. அவள் அம்மா கூலிக்குக் குனிந்து நட்ட வயல்களில் இவள் சீட்டில் உட்கார்ந்து நட்டாள். வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் இரண்டே வருஷத்தில் முறிந்துபோக, வீட்டில் துணைக்கு இருந்தது செவலை என்ற நாய் மட்டும்தான். அவள் கட்டிலுக்கடியில் படுக்கும். யாராவது அவளை ஒட்டி உட்கார்ந்தால் உறுமும். "எம்மேல அவ்வளவு பாசம் அதுக்கு" என்று சிரித்துக்கொள்வாள்.

போன ஜூனில் தம்பி பகலவனும் அவன் மனைவியும் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். ஏழு வயது மகள் தமிழ்நிலாவை அக்காவிடம் விட்டுப் போனார்கள்.

வாசலில் செவலையும் பிள்ளையும் சண்டையில்லாமல் திரிந்தார்கள். அத்தையின் பக்கத்தில் பிள்ளை வந்தால்தான் நாய்க்கு உதடு மேலேறும். காத்தாயி செருப்பால் அடித்தாள். பத்து நாளில் உறுமல் நின்றது. திருந்திவிட்டது என்று நினைத்தாள்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவள் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை மடியில் ஏறித் தட்டிலிருந்த முட்டையை எடுக்கப்போனாள். சத்தமே இல்லாமல் செவலை எழுந்து பிள்ளையின் முன்கையைக் கவ்வியது.

காத்தாயி குழாயடியில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவினாள். ஆஸ்பத்திரியில் அன்றைக்கே முதல் ஊசி போட்டார்கள். மீதி ஊசிகளுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்கள். பகலவன் போனில் நிதானமாகத்தான் பேசினான்.

"நாயா, எம்புள்ளையான்னு நீயே முடிவு பண்ணிக்கக்கா."

மறுநாள் செவலையை லோடு ஆட்டோவில் ஏற்றித் தாராசுரத்துக்குக் கொண்டுபோனாள். மரக்கடை வைத்திருந்த தௌபீக் காவலுக்கு நாய் வேண்டும் என்று சொல்லியிருந்தார். சங்கிலி கை மாறும் நேரத்தில் கடைக்குள்ளிருந்து அவருடைய இரண்டு பிள்ளைகள் ஓடிவந்தார்கள். காத்தாயி சங்கிலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பாய், இது எங்க புள்ளயக் கடிச்சிருச்சு. சொல்லாம விட்டுட்டுப் போக மனசு வரல."

"சொன்னீங்களே, அது போதும்மா. கூட்டிட்டுப் போயிருங்க" என்றார் அவர்.

வேறு ஊரில் இறக்கிவிட்டால் அங்கே அடித்தே கொல்வார்கள் என்று தெரிந்ததால் அதற்கும் அவளுக்குத் துணிவில்லை. திரும்பும் வழியில் கால்நடை மருந்தகத்தில் இறங்கினாள். டாக்டர் கமருன்னிஸா முழுவதையும் கேட்டார்.

"உறுமறப்ப அடிச்சீங்களா?"

"ஆமா டாக்டர். அப்புறம் உறுமறத விட்டுருச்சு."

"கிட்ட வராதன்னு சொல்றதுக்குத்தான் உறுமுது. அடிச்சதுல வாய மூடிக்கிச்சு, கோவம் உள்ளேயே இருந்துச்சு. உங்கள அது சோத்துத் தட்டு மாதிரி காவல் காக்குது. பாசம் வேற, இது வேற."

ஆறு வருஷமாக அந்தக் காவல் புத்தியைத் தானே ஊட்டி வளர்த்தது காத்தாயிக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் சொன்னபடி கொல்லையில் கம்பிவலை அடித்துச் செவலைக்குத் தனி இடம் செய்தாள். சாப்பாட்டு நேரத்தில் அது அங்கேதான். கட்டிலடியில் படுப்பது நின்றது. உறுமினால் அடிக்காமல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். தினமும் நாயைச் சங்கிலியில் கட்டி, பத்தடி தள்ளிப் பிள்ளையை நிற்க வைப்பாள். பிள்ளை வந்ததும் அவித்த ஈரல் துண்டு விழும். பிள்ளை போனதும் நின்றுவிடும். முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பத்தடி எட்டாயிற்று. தீபாவளிக்குள் ஐந்தடி. அதற்குமேல் குறையவே இல்லை. முழுசாக மாறும் என்று டாக்டரும் வாக்குத் தரவில்லை.

பொங்கலுக்கு வந்த பகலவன் கம்பிவலையையே வெகுநேரம் பார்த்தான்.

"இன்னும் வச்சிருக்க?"

"ஆமாடா. நான் இல்லாம ரெண்டையும் ஒண்ணா விடறதில்ல. உனக்கு மனசு ஒப்பலன்னா புள்ளயக் கூட்டிட்டுப் போ. நான் தப்பா நெனைக்கமாட்டேன்."

"நான் அத்தகிட்டயே இருக்கேன்ப்பா" என்றாள் தமிழ்நிலா. அவள் முன்கையில் மூன்று வெள்ளைத் தழும்புகள் இருந்தன. பகலவன் அவற்றை விரலால் தடவிப் பார்த்தான்.

முழுப் பரீட்சை வரை இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மறுநாள் மாலை பஸ் ஏறினான்.