தண்ணீர் ஊற்றக் கூடாத செடி

எல்லோருக்கும் தெரிந்த சப்பாத்திக்கள்ளி ஆள் உயரத்துக்கு வேலியாக நிற்கும். நான் சொல்வது முழங்காலுக்கு மேல் எழும்பாத குட்டைச் சாதி. உள்ளங்கை அகல மடல்களைத் தரையோடு தரையாக விரித்துக்கொண்டு சரளைமேட்டில் கிடக்கும். நல்ல வெயிலும் தண்ணீர் தங்காத மண்ணும் போதும், வேறு எதுவும் கேட்காது. ஆண்டிபட்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் ஒரு புதர் இருந்தது. காயப்போட்ட துணி பறந்துபோய் அதில் மாட்டும்போதெல்லாம் அம்மா அதைத் திட்டித் தீர்ப்பாள். ஆனால் வெட்ட விடமாட்டாள். அந்த மஞ்சள் பூ அவளுக்குப் பிடிக்கும்.

அம்மா இறந்த பிறகு வீட்டைக் காலி செய்தோம். சேலைகளை அக்கா எடுத்துக்கொண்டாள். நான் ஒரு மடலை வெட்டி, செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்தபடி கம்பம் வந்து சேர்ந்தேன்.

கம்பத்தில் இருப்பது என் மனைவியின் வீடு. மாமா இல்லை, இவள் ஒரே மகள். ஆகவே நான் வீட்டோடு மாப்பிள்ளை. திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் பதிக்கிற வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதாலோ என்னவோ, அத்தை என் எதிரே நின்று பேசியதில்லை. குழம்பில் உப்பு சரியா என்பதைக்கூட மகள் வழியாகத்தான் கேட்பார்.

பழைய பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு, சரளையும் செங்கல் பொடியும் நிரப்பி, மடலை முற்றத்து வெயிலில் நட்டேன். இரண்டு புது மடல் விட்டது. அதைப் பார்க்காமல் நான் வேலைக்குக் கிளம்பியதில்லை.

ஒருநாள் தொட்டுப் பார்த்தால் அடிமடல் கொழகொழவென்றிருந்தது. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. மோந்து பார்த்தேன், அரிசி கழுவிய தண்ணீர்.

"யாரு இதுக்குத் தண்ணி ஊத்துனது?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"நாந்தான் ஊத்துனேன். தாயில்லாத மனுசன் கொண்டாந்து வச்ச செடி. மாப்ளை தண்ணியே காட்டாம வேலைக்குப் போயிர்றாக. வாடிப் போயிருமேன்னு ரோசாவுக்கு ஊத்துறதை இதுக்கு ஊத்துனேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவர். காய்ந்த மண்ணைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அழுகாத மேல்மடலை அறுத்து, வெட்டுக்காயம் ஆறட்டும் என்று நிழலில் போட்டேன். பிழைக்காவிட்டால் அம்மாவின் செடி அதோடு சரி. "வெட்டிப்போட்டது எப்படிப் பொழைக்கும்னு கேளு," என்று அத்தை மகளிடம் முணுமுணுத்தார். காயம் தோலாக மூடியதும் வாளியில் புது மண் போட்டு நட்டேன். வேர் பிடிக்கும்வரை சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று மனைவியிடம் சத்தமாகவே சொன்னேன். அதன்பின் அத்தை அரிசித் தண்ணீரோடு அந்த வாளியைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். பசித்த பிள்ளையைத் தாண்டிப் போகிற மாதிரி இருக்கும்.

ஆனியில் ஒரு மத்தியானம் மலைப்பக்கத்துச் சாரல் திடீரென்று பிடித்துக்கொண்டது. நான் தோட்டத்தில் இருந்தேன். மனைவி போனை எடுக்கவில்லை. குழாயை அப்படியே போட்டுவிட்டு வண்டியை விரட்டினேன். வழியெல்லாம் அந்த ஒற்றை மடல்தான் கண்ணில் நின்றது.

முற்றத்தில் வாளி இல்லை. அது கூடத்துக்குள் ஓலைப்பாய்மேல் இருந்தது. மண் காய்ந்தே கிடந்தது. பக்கத்தில் அத்தை நனைந்த சேலையோடு உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளியைத் தூக்கும்போது பெரிய முள்ளுக்கு ஒதுங்கியவருக்கு மடலில் பொடிமுள் இருப்பது தெரியாது. கண்ணாடி இல்லாமல் அது கண்ணுக்கும் அகப்படாது.

என்னைக் கண்டதும் எழப்போனார்.

"உக்காருங்க அத்தை. கையைக் கொடுங்க."

தரையைப் பார்த்தபடியே கையை நீட்டினார். வேலைப் பையிலிருந்த இன்சுலேஷன் டேப்பைக் கிழித்து, அழுத்தி ஒட்டி ஒட்டி எடுத்தேன். டேப்பில் முள் பூனைமயிராக வந்தது.

"வலிக்குதா?"

"வலிக்கலய்யா. ஒஞ்செடி நனையல, பாரு."