கீரா கடித்த காரணம்

நேற்று கிளினிக்கில் பிறசர் பார்க்கக் கையை நீட்டச் சொன்ன தாதி, முழங்கைக்குக் கீழே இருந்த தழும்பைக் கண்டுவிட்டாள்.

"நாய் கடிச்சதோ அக்கா?"

"ஓம். என்னோட வேலை செய்த நாய்."

அவள் சிரித்தாள். விளக்கம் சொல்லக் களைப்பாக இருந்தது. உங்களுக்கென்றால் சொல்லலாம்.

யுத்தம் முடிந்த பிறகு சிலாவத்துறைப் பக்கம் மிதிவெடி தேடும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கோழி குறுக்கே வந்தாலே ஒதுங்கி நிற்கிற நான், நாயை நடத்தும் வேலைக்குப் பெயர் கொடுத்தேன். வேறு வேலை இருக்கவில்லை. மற்றவர்கள் பிடித்த நாயைத் தெரிந்தெடுத்த பிறகு மிஞ்சியவள் கீரா. வெளிநாட்டில் பழக்கிய, கறுத்த முகத்துப் பெட்டை. ஏற்கெனவே இரண்டு பேரைக் கடித்திருந்தாள். தடவ விடமாட்டாள். சாப்பாட்டை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் உறுமுவாள். மூன்று கிழமை கூட்டுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து என் சோற்றைத் தின்றேன். நாலாம் கிழமை உறுமாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் சினேகம் என்று எடுத்துக்கொண்டேன்.

நனைந்த செருப்பின் தோல் மணம் வந்தால் இப்போதும் அந்தக் காலைகள்தான் நினைவில் வரும். பனியில் ஊறிய நீண்ட தோல்வாரில் அவள் முன்னே போவாள். வெடி அகற்றித் துப்புரவாக்கிய தரையில் நான் நிற்பேன். வெடிமருந்து மணம் பட்டால் அப்படியே குந்திவிடுவாள். இடத்தைக் குறித்துவிட்டு அவளைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். பிறகு ஆட்கள் வந்து கிண்டிப் பார்ப்பார்கள்.

கடிபட்ட அன்று எனக்குக் காய்ச்சல். லீவு கேட்கப் பயந்து, மாத்திரை போட்டுக்கொண்டு போயிருந்தேன். அந்தக் கிழமை அவள் இரண்டு தரம் குந்தியும், கிண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. இப்போது மூன்றாம் தரம். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எழும்பு, முன்னுக்குப் போ" என்று வாரைச் சுண்டி இழுத்தேன். எழும்பவில்லை. இன்னொரு தரம் இழுத்தேன். திரும்பிப் பாய்ந்து வந்து கையைக் கவ்வினாள்.

தையல் போட்டுக்கொண்டு வந்த என்னிடம் மேற்பார்வையாளர் கேட்டார்:

"ஏன் பிள்ளை கடிச்சது?"

"சும்மாதான் சேர் கடிச்சது."

எவ்வளவு லேசாக வந்தது அந்தச் 'சும்மா'! நடத்துகிறவரையே கடிக்கும் நாயை வைத்திருக்க மாட்டார்கள். கீராவைத் தனிக்கூட்டில் அடைத்தார்கள். திருப்பி அனுப்புவதென்று முடிவாயிற்று.

அடுத்த நாள், முறைக்காக, அவள் குந்திய இடத்தைக் கிண்டினார்கள். அவள் முன்கால் இருந்த இடத்துக்கு ஒரு சாண் முன்னால் மிதிவெடி. நான் போகச் சொன்ன பக்கம்.

கட்டுப் போட்ட கையோடு மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றேன்.

"சேர், நான்தான் இழுத்தனான். பொய் சொல்லிப்போட்டன்."

அவர் பேனையை மூடி வைத்தார்.

"உங்களைத்தான் நிப்பாட்ட வேணும். ஒரு மாசம் கூடு கழுவுங்கோ. பிறகு அது உங்களோட வருமோ எண்டு பாப்பம்."

வந்தாள். வாரை மாட்டியபோது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள், பிறகு முன்னே நடந்தாள். மேலும் மூன்று வருடம் வேலை செய்தோம். ஒருநாளும் என்மேல் சாய்ந்து படுக்கவில்லை. வேலை முடிந்ததும் நாய்களை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். லொறியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள் என்று சொன்னால் உங்களுக்கும் நன்றாக இருக்கும். பார்க்கவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். மிதிவெடி எச்சரிக்கைக்கு நட்டிருந்த மண்டையோட்டுப் பலகைகள் இல்லை. கூடுகள் இருந்த இடத்தில் ஒருவர் கச்சான் கடலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்ச நாய்க்கூடுகள் இருந்தது, தெரியுமோ அண்ணை?"

"நாயோ? நாங்கள் வரேக்க வெறும் காணிதான் தங்கச்சி."

வெறுங்காலோடு வரப்பைத் தாண்டிப் போய்க் குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றினார். அவர் கீழே பார்க்கவேயில்லை.