மாடியறைப் பறவைகளும் பத்து மணி வெடியும்

அடுத்தவர் பறவையைப் பார்த்துக்கொள்வது, அடுத்தவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதைவிடச் சிரமமான வேலை. பிள்ளையாவது வயிறு வலித்தால் அழுது தொலைக்கும்.

முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற பின், சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் என் வீட்டு மாடியறையில் இந்தத் தொழிலை ஆரம்பித்தேன். தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளை அடைத்துவிட்டுச் சிவகாசியே சுற்றுலா கிளம்பும். கூண்டுகள் என் மாடிக்கு ஏறும். ஒவ்வொரு பறவைக்கும் கேஸ் ஷீட் உண்டு. காலையிலும் மாலையிலும் எடை பார்த்து எழுதுவேன். இதுவரை என் கையில் ஒன்றுகூடச் சாகவில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறர் வீட்டுச் செல்லங்களை வாங்கி வைத்துக்கொண்டு தவிக்கும் சக பாவிகளுக்கு அது புரியும்.

ராகு காலம்

கூண்டுக்கு அடியில் விரிக்கத் தாளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. அச்சகத்துக்காரர் ஒருவர் தன் லவ் பேர்ட்ஸோடு ஒரு கட்டு வேஸ்ட் ஷீட்டும் கொண்டுவந்து இறக்கினார். பிரித்தால் அத்தனையும் லட்சுமியும் முருகனும். நானோ ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். லட்சுமி தலையில் எச்சம் விழுந்தால் ஊர் என்னைச் சும்மா விடுமா? கட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, தினசரி காலண்டர் தாளாகக் கேட்டு வாங்கி விரித்தேன்.

ஊர் திரும்பியவர் கூண்டுக்குள் குனிந்து வெகுநேரம் படித்தார். பறவைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "நல்ல நேரத்துல ஒரு சொட்டு விழல சிஸ்டர். எல்லாம் ராகு காலத்து மேலதான் போயிருக்கு" என்றார்.

லோடு

காலண்டர் வியாபாரி ஒருவரின் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, முதலாளியின் குரலிலேயே நாள் முழுக்க "ஏலே, லோடு ஏறிருச்சா?" என்று கேட்கும். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் கூண்டை ஜன்னலோரம் நகர்த்தினேன். எதிர் பிரஸ்ஸில் பண்டல் ஏற்றிக்கொண்டிருந்த வேன் டிரைவர் மேலே பார்க்காமலே பதில் சொன்னார். "ஏறிருச்சு அண்ணாச்சி, தார்ப்பாய்தான் கட்டணும்."

ராணி

ராணி காக்கட்டீல் ஜாதிப் பறவை, சின்னக் கிளி மாதிரி இருக்கும். தலையில் மஞ்சள் கொண்டை. அதை வளர்க்கும் செல்வி ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியை ஒட்டிக் குடியிருப்பவர். சித்திரையில் வாங்கிய பறவையைக் கம்பெனி அடைத்த அன்றே என்னிடம் விட்டுவிட்டு மணாலிக்குக் கிளம்பினார். தினை, முளைகட்டிய பயறு, துணி மூடும் நேரம் என்று இரண்டு பக்கம் எழுதியும் கொடுத்திருந்தார்.

ராணி தினையைத் தொடவில்லை. முதல் நாள், புது இடம் என்று விட்டேன். இரண்டாம் நாள் ஏழு கிராம் இறங்கியிருந்தது. மொத்தமே தொண்ணூறு கிராம் உள்ள உயிர் அது. மதுரையில் எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரைப் போனில் கேட்டேன். சாயங்காலத்துக்குள் தின்னாவிட்டால் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். என் கேஸ் ஷீட்டில் முதல் சாவு விழப்போகிறது என்றே நினைத்தேன். பெருமை போனால் போகிறது, செல்வி முகத்தில் எப்படி விழிப்பேன்?

மணாலிக்குப் போன் போட்டேன். "காலைல இருந்து ராணி என்னென்ன செய்யும், ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றேன்.

"ஆறு மணிக்குத் துணிய எடுப்போம். தண்ணி குடிக்கும். பத்து மணிக்குக் கம்பெனில சாம்பிள் வெடிச்சுப் பாப்பாக. அப்புறம் திங்கும். வேற ஒண்ணுமில்ல சிஸ்டர்."

மற்ற கூண்டுகளை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலெல்லாம் சாத்தினேன். ராணியை மட்டும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். பக்கத்து வீட்டில் தீபாவளிக்கு மிஞ்சிய வெடியில் ஒன்றை வாங்கி, என் கணவர் தெருக்கோடியில் வைத்துப் பற்றவைத்தார். கொண்டை விறைத்தது. ஒரு விசில். பிறகு கிண்ணத்தில் அலகு பட்டுத் தினை தெறிக்கும் சத்தம் கேட்டது. வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

செல்வி வரும்வரை தினமும் பத்து மணிக்கு ஒரு வெடி. கேஸ் ஷீட்டில் மருந்துக்கான கட்டத்தில் 'வெடி, நாளைக்கு ஒன்று, உணவுக்கு முன்' என்று எழுதி வைத்தேன்.

செல்வி வந்தபோது ராணி, வந்த அன்று இருந்ததைவிட நாலு கிராம் கூடுதலாக இருந்தது. தராசில் வைத்தே காட்டினேன். "ரெண்டு பக்கம் எழுதுனீக, வெடிய எழுதலையே?" என்று கேட்டும்விட்டேன். ராணியின் கொண்டையைத் தடவிக்கொண்டே செல்வி சொன்னார்: "அத எப்படி சிஸ்டர் எழுத? எங்க யாரு காதுலயும் அது விழுகுறதே இல்லையே."

அன்றிலிருந்து என் சேர்க்கைப் படிவத்தில் 'உங்கள் வீட்டில் தினமும் கேட்டு, உங்களுக்கு மட்டும் கேட்காத சத்தம் எது?' என்று ஒரு கேள்வி இருக்கிறது. எல்லோரும் பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.