சென்றியடிக்கும் கேக் அனுப்புவோம்!

போன மாதம் என் பட்டர் கேக்கை ஒரு ஆமிக்காரர் கம்பியால் குத்திவிட்டார்.

பதறாதீர்கள், கதை நல்லபடியாகத்தான் முடிகிறது. ஆனால் அந்தக் கேக் ஏன் றோட்டோர ஆமிக் காவலரணான சென்றி வரைக்கும் போனது? அதற்குக் காரணம் ஆமியும் இல்லை, நானும் இல்லை — எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர்!

இந்தப் பத்தி எழுதுகிற நேரம் போக, திருகோணமலை டவுனில் நான் கேக் போட்டு விற்பது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் இங்கே இருக்கிற தாய் தகப்பனுக்கு ஓடர் பண்ணுவார்கள். அவர்கள் எங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் என் கணவர் இன்டர்நெட்டில் விளம்பரம் போடுகிறார். யாராவது ‘திருகோணமலை கேக்’ என்று தேடினால் பக்கத்தில் எங்கள் விளம்பரம் வரும். அதை அமத்தி உள்ளே வந்தால் மட்டும் நாங்கள் காசு கட்டவேண்டும். பார்த்துவிட்டுச் சும்மா போனால் செலவில்லை.

முன்பெல்லாம் ஊருக்கு ஒரு விளம்பரமாக, மனிசன் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். அவர் ஒன்று முடிப்பதற்குள் எனக்கு இரண்டு கேக் வெந்துவிடும். இதற்கு இவ்வளவு யோசனையா என்று கேட்டால், “நீர் பத்தி எழுதேக்க நான் ஏதும் கதைக்கிறனானே?” என்பார். நானும் அடுப்படிக்குத் திரும்பிவிடுவேன்.

பிறகு வந்தது அந்த சொஃப்ட்வெயர்.

ஒரு பக்கம் ஊர்ப்பெயர்களைப் போடவேண்டும். மறுபக்கம் நாங்கள் விற்கிற சாமான்கள். பட்டனை அமத்தினால் ஒவ்வொரு ஊரையும் ஒவ்வொரு சாமானோடும் கோத்து அதுவே விளம்பரம் எழுதித் தள்ளும். சாம்பல்தீவுக்குப் பிறந்தநாள் கேக், சாம்பல்தீவுக்குக் கல்யாணக் கேக், சாம்பல்தீவுக்குப் பட்டர் கேக்... ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறவில்லை, விளம்பரங்கள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கின்றன!

ஊர்ப்பெயருக்கு எங்கே போனார்? பஸ்ஸில் கொண்டக்டர் கூப்பிடுகிற இடங்களை எல்லாம் ஞாபகத்திலிருந்து அடித்துவிட்டார். கரையோர றோட்டில் கொண்டக்டர் என்ன கூப்பிடுவார்? “சென்றியடி! எல்லாரும் இறங்குங்கோ!” வருசக்கணக்காக ஆமியின் செக்கிங்குக்கு இறங்கி ஏறியதில் எங்களுக்கு அதுவும் ஒரு ஊராகிவிட்டது. ஆகவே உலகம் முழுக்க ஒரு விளம்பரம் போயிருக்கிறது — ‘சென்றியடிக்குக் கல்யாணக் கேக், இன்றைக்கே தருவோம்!’

விழுந்து விழுந்து சிரித்தேன். “ஆரப்பா அங்க மாப்பிள்ளை?”

அடுத்தநாள் விடிய கனடாவிலிருந்து ஃபோன் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“அக்கா, குச்சவெளிக்கு இண்டைக்கே கேக் தருவம் எண்டு போட்டிருக்கிறீங்கள். அம்மாவுக்கு இண்டைக்கு அறுபது. நான் வெளிக்கிட்ட பிறகு அவ பிறந்தநாளே கொண்டாடினதில்லை. பின்னேரம் நாலு மணிக்குச் சந்திக் கடை ஃபோனுக்கு எடுப்பன். அவ கேக் வெட்டுறதை நான் கேக்கவேணும்.”

குச்சவெளிக்கு நாங்கள் ஒருநாளும் கேக் அனுப்பியதில்லை. அது சென்றியடிக்கும் அப்பால்; வழியில் செக்கிங். வெயிலில் வரிசையில் நின்று, பெட்டியைத் திறந்து கிளறவும் விட்டால், போய்ச் சேருவது கேக் அல்ல, களி. ஏலாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மறுமுனையில் அந்தப் பிள்ளை மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“ஓம் தம்பி” என்று சொல்லிவிட்டேன்!

ஃபோனை வைத்ததும் கணவரை ஒரு பிடி பிடித்தேன். “உங்கட சொஃப்ட்வெயருக்கு றோட்டு தெரியுமோ? செக்கிங் தெரியுமோ?”

“அதுக்கு ஊர்ப்பேர் மட்டும்தான் தெரியும்” என்றார், கதிரையை விட்டு எழும்பாமலே.

எனக்குக் கோபம் வந்தால்தான் மூளை வேலை செய்யும். ஐசிங் பூசாத வெறும் கேக்கைப் பெட்டியில் வைத்தேன். பட்டர் ஐசிங் ஒரு டப்பாவில். சும்மா இருக்கட்டும் என்று ஒரு ஜாம் போத்தல். ஐசிங் தடவுகிற கத்தி? அதைக் கொண்டுபோனால் கேக்கோடு என்னையும் மறித்து வைப்பார்கள். கரண்டி போதும்.

நானே பஸ்ஸில் கொண்டுபோனேன். சென்றியடியில் எல்லோரும் இறங்கினோம். என் முறை வந்தது. ஆமிக்காரர் பெட்டிக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கேக், சேர். ஒரு அம்மாவுக்கு பர்த்டே.”

விளங்கியதுபோலத் தலையாட்டினார். சிரிக்கவும் சிரித்தார். அப்பாடா என்று மூச்சு விடுகிறேன் — கம்பியை எடுத்து நடுவில் ஒரு குத்து! மேலிருந்து அடிவரைக்கும். அரிசி மூட்டை, மீன் பெட்டி எல்லாவற்றுக்குள்ளும் ஏதும் ஒளித்திருக்கிறதா என்று பார்க்கிற அதே கம்பி. கேக்குக்கு மட்டும் வேறு சட்டமா என்ன? போகலாம் என்று கை காட்டினார்.

அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

குச்சவெளியில் இறங்கும்போது நாலுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சந்திக் கடைக்காரர் அந்த அம்மாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். நான் கடைக்குப் பின்னால் ஓடினேன். கம்பி பட்ட இடத்தைச் சுற்றிவரக் கரண்டியால் தோண்டி எறிந்தேன். நடுவில் கிணறு மாதிரி ஒரு ஓட்டை. என்ன செய்வது? ஜாம் போத்தலை அப்படியே கவிழ்த்தேன். மேலே ஐசிங்கைப் பூசி மூடினேன். கடவுளே, காப்பாற்று!

அம்மா வந்தார். கேக்கைக் கண்டதும் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார். ஃபோன் அடித்தது. கடைக்காரர் பாண் வெட்டுகிற கத்தியைக் கொடுத்தார். அம்மா வெட்ட, நடுவிலிருந்து சிவப்பாக ஜாம் வழிந்தது.

நான் கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

“டேய் ராசா! கேக்குக்குள்ள ஜாம் வைச்சிருக்கினமடா! கனடாவில இப்பிடித்தானோ?” என்று அம்மா ஃபோனுக்குள் கத்தினார். கடையே சிரித்தது. ஒரு துண்டை வாயில் வைத்தார். பிறகு மெல்லிய குரலில், “நீ சாப்பிட்டியா அப்பன்?” என்று கேட்டார். நான் றோட்டுப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் போட்ட கேக்கில் இவ்வளவு சந்தோசம் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனிசன் நேரே கொம்பியூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். ஊர்ப் பக்கத்தில் சென்றியடியை அழித்தார். சாமான் பக்கத்தில் ‘நடுவில் ஜாம் வைத்த கேக்’ என்று சேர்த்தார். பட்டனை அமத்தினார்.

இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆகக் கூடுதலாக அமத்துவது அந்த விளம்பரத்தைத்தான். குசினியில் எனக்கு மூச்சு விட நேரமில்லை.

கேக் ஆறியதும் நடுவில் குத்துவது... இப்போது நான்தான்!